சாட்டித் தண்ணியில் போட்ட தேத்தண்ணி

பூவரசம்புலத்தில் பொதுக்கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் படுத்திருப்பது ஆபத்தான காரியம். வராதவரைத்தான் தலைவராக்குவார்கள். வந்திருந்தால் "எனக்கு ஏலாது, பிரசர் கூட" என்று சொல்லித் தப்பியிருப்பார். படுத்திருப்பவர் என்னத்தைச் சொல்வது? ஒருவர் முன்மொழிவார், அவர் வாய் மூடுமுன் இன்னொருவர் வழிமொழிவார், மிச்சப்பேர் தங்கள் தலை தப்பிய சந்தோசத்தில் கைதட்டுவார்கள்.

கேதீஸ்வரியக்கா கூட்டத்துக்கு வந்தும் அகப்பட்டவர். ஒரு தை மாதம், சனசமூக நிலையத்தின் பின்பக்கம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார். தட்டத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வர, எல்லாரும் கைதட்டினார்கள். தேத்தண்ணிக்காக்கும் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். சிரித்தது சம்மதம் என்று எழுதப்பட்டது. வேண்டாம் என்று கையை ஆட்டவும் வழியில்லை, கையில் தட்டம்.

அது நடந்து பத்து வருசத்துக்கு மேலாகிறது. இப்போது வயது ஐம்பத்தெட்டு. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது, பதவி தேயவில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு அவர் தலைவர். அனர்த்த முகாமைத்துவக் குழுவுக்கும் அவர்தான். குடிநீர்ப் பாவனையாளர் சங்கம், சிறுவர் கண்காணிப்புக் குழு எல்லாவற்றுக்கும் அவர்தான். (ஊரில் சிறுவர்கள் மொத்தமாக ஒரு முச்சக்கர வண்டியில் அடங்கிவிடுவார்கள், கண்காணிப்பது சுகம்.) ஒவ்வொரு சங்கத்துக்கும் செயலாளர் சத்தியபாமா, பொருளாளர் பாலசிங்கம் அண்ணை. மாதர் சங்கத்தில் மட்டும் பாலசிங்கம் அண்ணை பொருளாளராக இருக்க ஏலாது என்பதால் அங்கே அவர் ஆலோசகர். யாராவது புதுச் சங்கம் தொடங்கச் சொன்னால் இவர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டு, பேரை மட்டும் மாற்றி எழுதிக் கொடுப்பார்கள். ஆட்கள் இல்லை, அவ்வளவுதான். ஊர் பாதி ரொறன்ரோவிலும் கால்வாசி சூரிச்சிலும் இருக்கிறது. மிச்சம்தான் மண்கும்பான் தாண்டி இறங்கும் இந்த ஒழுங்கையில்.

மகள் நிலாந்தி வவுனியாவில். "அம்மா, வந்து என்னோட இருங்கோவன். காலுக்கு ஒப்பரேசன் செய்வம்" என்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்வாள். கேதீஸ்வரியக்காவும் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே மறுமொழிதான் சொல்வார்.

"அணை ஒண்டு கிடக்கு பிள்ளை. அதை அடைச்சுப்போட்டு வாறன்."

அந்த அணைதான் கதை. ஊருக்குத் தெற்கே வெளிச்ச நேரத்தில் பார்த்தால் கண் கூசும் உப்புத் தரவை வெளி, அதற்கப்பால் கடல். இரண்டுக்கும் நடுவே ஒரு மண் அணை. மாரியில் விழுகிற மழையை அது உள்ளே மறிக்கும், பெருக்கு நேரம் கடலை வெளியே மறிக்கும். உள்ளே நிற்கும் மழைத்தண்ணி மெல்ல நிலத்துக்குள் இறங்கி, ஊரின் ஒரே நல்லதண்ணிக் கிணற்றை நல்லதண்ணிக் கிணறாக வைத்திருக்கும். அணை போனால் கிணறும் போகும். இதைச் சொல்ல ஒரு நிபுணர் குழு மூன்றுமுறை வந்து போனது. மூன்றுமுறையும் அதையே சொன்னது.

அணைக்குப் பங்கு உண்டு. முந்தி ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தனை முழம் என்று கல் நட்டுப் பிரித்திருந்தார்கள். புரட்டாதியில் அவரவர் பங்குக்கு அவரவர் மண் போடவேண்டும். அது பொற்காலம் என்று யாரும் நினைக்கவேண்டாம். பக்கத்துப் பங்கில் மண் வெட்டித் தன் பங்கில் போட்டவர்கள் இருந்தார்கள், கல்லை நகர்த்தியவர்கள் இருந்தார்கள், ஊர்காவற்றுறைக் கோட்டில் இந்த வழக்குகளைப் பேசிய காசிலேயே பிள்ளைகளைப் படிப்பித்த அப்புக்காத்தர் குடும்பம் ஒன்றும் இருந்தது. ஆனாலும் மண் விழுந்தது. இப்போது குடும்பங்கள் விமானத்தில் போய்விட்டன, கல் மட்டும் நிற்கிறது. போன வருசத்துக்கு முந்தின கார்த்திகையில் அடித்த புயலுக்குக் கடல் ஏறி, ஒரு லொறியின் நீளத்துக்கு அணையைத் தின்றது. தின்ற இடம், ரொறன்ரோ போன சிவகரன் குடும்பத்தின் பங்கு. கடலுக்கும் தெரிந்திருக்கிறது, எந்த வீட்டில் ஆள் இல்லை என்று.

அடுத்த பங்குனிக்கே கிணறு உப்புப் பிடித்தது. குளிக்கலாம், சோறு அவிக்க உப்புப் போடத் தேவையில்லை, குடிக்க ஏலாது. நல்லதண்ணி ஊறும் சாட்டியிலிருந்து பவுசர் வந்து தண்ணி தரும். வருகிற நாளில் வரும். கேதீஸ்வரியக்கா முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக ஏறினார். ஒன்றில் அணை தங்களுடையது இல்லை, கரையோரத்துக்குப் பொறுப்பானவர்களுடையது என்றார்கள். அங்கே, அணை கரையில் இல்லை, தரவையில் என்றார்கள். மூன்றாவதில் ஒரு ஐயா எழும்பிக் கதிரை தந்து, தேத்தண்ணி தந்து, மிக மரியாதையாக, அப்படியொரு அணையே தங்கள் வரைபடத்தில் இல்லை என்றார்.

"வரைபடத்தில இல்லாத அணைக்குள்ளால வாற தண்ணி உப்புக் கரிக்குது ஐயா," என்றாராம் இவர்.

"அது உண்மைதான் அம்மா," என்றாராம் அந்த ஐயா.

இதற்கிடையில் பிரதேச சபைத் தேர்தலும் வந்தது. எல்லாக் கட்சியும் உடைப்பில் வந்து நின்று படம் எடுத்தது. ஏறி நின்றவர்களின் பாரத்தில் இன்னும் கொஞ்சம் மண் சரிந்தது. வென்றவர் நல்ல மனிதர். வென்ற கையோடு வந்து, சபைக்கு அணை கட்ட அதிகாரம் இல்லை, வேண்டுமென்றால் அணைக்குப் போகும் ஒழுங்கைக்கு லைற் போட்டுத் தரலாம் என்றார். போட்டும் தந்தார். இப்போது கடல் உள்ளே வருவதை இரவிலும் பார்க்கலாம்.

அப்போதுதான் பிரவீனன் வந்தான். முப்பது தாண்டி முன்மயிர் கொட்டத் தொடங்கிய பிள்ளை. யாழ்ப்பாணத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகம். பனி விழும் நாடொன்றின் நிதியம் ஒன்று, மீண்டெழும் சமூகங்களைக் கட்டியெழுப்பப் போகிறதாம். தீவுப்பகுதியில் ஒரு ஊரைத் தெரிவு செய்து, அந்த ஊர்ச் சனம் தாங்களே முடிவெடுத்துக் கேட்கிறதைச் செய்து தருவார்களாம்.

"எங்களுக்கு அணை வேணும் தம்பி. வேறொண்டும் வேண்டாம். பயிற்சி வேண்டாம், தொப்பி வேண்டாம்," என்றார் கேதீஸ்வரியக்கா.

"அணைதான் அன்ரி, நிச்சயமாத் தருவினம். ஆனா ஒரு மதிப்பீடு இருக்கு. வெளியில இருந்து ஒரு மிஸ் வருவா. பொதுக்கூட்டத்தில வைச்சுத்தான் செய்யவேணும். அங்கத்தவரில பாதிப்பேர் கட்டாயம் வந்திருக்கவேணும்."

அங்கத்தவரில் பாதி என்றதும் பாலசிங்கம் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுபத்தொரு வயது, பழைய சங்கக்கடை மனேச்சர், சங்கத்தின் யாப்பு விதியெல்லாம் மனப்பாடம். வெளிநாடு போன எவரையும் அவர் அங்கத்துவத்திலிருந்து வெட்டியதில்லை. வெட்டினால் கோபிப்பார்கள். போன இடத்தில் பிறந்த பிள்ளைகளைக்கூட ஆசையில் சேர்த்திருக்கிறார். ஆகவே பூவரசம்புலத்தின் அங்கத்தவரில் பாதியைக் கூட்டுவதென்றால் ஒரு விமானம் பிடிக்கவேண்டும்.

"கோயில் கொடியேறினா வருவினம்தானே," என்றார் சத்தியபாமா. "தீர்த்தத்துக்கு அடுத்த நாள் வையுங்கோ கூட்டத்தை. ஊர் நிரம்பிக் கிடக்கும்."

எல்லாருக்கும் இது பெரிய புத்தியாகப் பட்டது. கேதீஸ்வரியக்காவுக்கு மட்டும் எங்கேயோ குத்தியது. "காஞ்சிபுரமும் காப்புமா வந்து குந்துற சனத்தைக் காட்டியோ குடிக்கத் தண்ணியில்லை எண்டு சொல்லப்போறம்?"

"பாதிப்பேர் வேணுமெண்டது அவை," என்றார் பாலசிங்கம் அண்ணை. "பாதிப்பேர் என்ன உடுத்திருக்கவேணும் எண்டு சொல்லேல்லை பிள்ளை."

கூட்ட நாள் விடிய, கேதீஸ்வரியக்கா ஒரு திட்டத்தோடு எழும்பினார். கூட்டத்துக்கு வரும் வெள்ளைக்காரப் பிள்ளைக்குக் கிணற்றுத் தண்ணியில் தேத்தண்ணி போடுவது. நூறு பேச்சு வேண்டாம், ஒரு வாய் குடித்தால் விளங்கும். கேத்தில் கொதித்தது. சாயம் ஊற்றி, சீனி போட்டு, ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். பிறகு முழுவதையும் வாழையடியில் ஊற்றிவிட்டு, பவுசர்த் தண்ணி வைத்திருந்த நீலப் பீப்பாவைத் திறந்தார்.

புருசன் இராசநாயகம் குசினி வாசலில் பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றவர். "இஞ்சேரும், என்னத்துக்கு அதை ஊத்தினீர்?"

"முதல்முதலா வீடு தேடி வாற பிள்ளைக்கு உப்புத் தேத்தண்ணியோ குடுக்கிறது?"

"உப்பைக் காட்டத்தானே அவவைக் கூப்பிட்டது?"

"அதுக்காக?" என்றார் கேதீஸ்வரியக்கா.

இராசநாயகம் வாய் கொப்பளிக்கப் போனார். இந்தத் தீவில் "அதுக்காக" என்றால் பேச்சு முடிந்தது.

வந்த பிள்ளையின் பெயர் இங்கா. நல்ல பிள்ளை, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தது, நிலத்தில் பாயில் இருந்தது, பயற்றம் பணியாரம் நாலு சாப்பிட்டது. சாட்டித் தண்ணித் தேத்தண்ணியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தது. மண்டபத்தில் நிற்க இடமில்லை. சிவகரன் குடும்பத்தின் உபயமான விசிறிகள் எல்லாம் சுற்றின. பெண்கள் நிலத்தில் ஊரின் படம் கீறினார்கள். இதுவரை எத்தனை திட்டத்துக்கு இந்தப் படத்தைக் கீறியிருப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. மார்கழிக் கோலம் போல கை தானாகப் போகும். இங்கா அரைமணித்தியாலம் ஒதுக்கியிருந்த வேலை, தேத்தண்ணி ஆறுமுன் முடிந்துவிட்டது.

"இவ்வளவு ஒழுங்குபட்ட ஊரைத் தான் பார்த்ததில்லை எண்டு சொல்லுறா," என்று மொழிபெயர்த்தான் பிரவீனன். சனம் சந்தோசப்பட்டது.

அடுத்து, ஊருக்கு வந்த இடர்களை வரிசையாகச் சொல்லவேண்டும். எல்லாரும் கேதீஸ்வரியக்காவைப் பார்த்தார்கள். அவர் எழும்பாமல், காலை நீட்டி இருந்தபடியே சொன்னார். எண்பத்திமூன்றுக் கலவரத்தில் பதுளையில் அப்பாவின் கடை எரிந்தது. பதினாறு வயதில் கப்பலில் வந்து இறங்கினார்.

"பிறகு?" என்று கேட்டாள் இங்கா.

"பிறகென்ன, சமாளிச்சம்."

தொண்ணூறில் தீவை விட்டு ஓடினது. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடினது. திரும்பி வந்தபோது வீட்டுக்குள் ஆலமரம் நின்றது.

"பிறகு?"

"மரத்தை வெட்டிப்போட்டுக் கூரை போட்டம். சமாளிச்சம்."

பிறகு வெள்ளம், கொரோனா, எண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, போன கார்த்திகைப் புயல். ஒவ்வொன்றின் வாலிலும் அதே சொல். பிரவீனன் அதை இங்கிலீசில் என்னவாக்கினானோ தெரியாது. ஒவ்வொரு முறையும் தமிழில் இருந்ததைவிட நீளமாகவும் கம்பீரமாகவும் போனது. இங்காவின் கண் கலங்கியே விட்டது.

"இப்ப தண்ணிக்கு என்ன செய்யிறியள் எண்டு கேக்கிறா அன்ரி."

இதுதான் இடம். கேதீஸ்வரியக்கா தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறக்குமுன், முன்வரிசைக் கதிரையில் பட்டுவேட்டியோடு இருந்த சிவகரன் எழும்பினார். ரொறன்ரோவில் பலசரக்குக் கடை இரண்டு. கோயிலுக்குக் கோபுரம், மண்டபத்துக்குக் கூரை, சந்திக்கு நாலு குழாய் (தண்ணி வராத குழாய்கள்) எல்லாம் அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. வெளியாள் முன்னால் ஊர் குனியக்கூடாது என்பதுதான் அவருக்கு.

"தண்ணியெல்லாம் பெரிய பிரச்சினை இல்லை. பவுசர் வருகுது. நாங்கள் ஒருத்தரிட்டயும் கையேந்தாத சனம் எண்டு சொல்லும் தம்பி. வெளிநாட்டில நாங்கள் இருக்கிறம். இந்த ஊர் விழாது!"

மண்டபம் கைதட்டியது. கேதீஸ்வரியக்கா சத்தம் அடங்கும்வரை பொறுத்து, "அப்பிடி இல்லை, கிணறு உப்பு, அணை உடைஞ்சு கிடக்கு" என்று சொன்னார்தான். ஆனால் அதைச் சொன்ன குரலிலும் ஒரு வெட்கம் இருந்தது. அதன் வாலிலும், பழக்கதோசத்தில், "சமாளிக்கிறம்" வந்து ஒட்டிக்கொண்டது. இங்கா வெறுங் கோப்பையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, தேத்தண்ணி மிக நன்றாக இருந்தது என்றாள். மொழிபெயர்க்காமலே விளங்கியது.

ஆவணியில் பிரவீனன் வந்தபோது மோட்டார்சைக்கிளை விட்டு இறங்காமல் நின்றான்.

"என்ன தம்பி, செத்தவீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீர்?"

"அன்ரி, நீங்கள் நல்லாச் செய்திட்டியள்."

"அதுக்கென்ன?"

"கூடப் புள்ளி எடுத்திட்டியள். தீவுப்பகுதியிலேயே முதலாவது. உங்களுக்கு உதவி தேவையில்லை எண்டு வந்திருக்கு. ஏற்கெனவே மீண்டெழுந்திட்டியளாம். காசு வேற ஊருக்குப் போகுது."

சத்தியபாமா தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "பள்ளிக்கூடத்தில ஒருக்காலும் முதலாம் பிள்ளையா வராத நாங்கள்!"

கேதீஸ்வரியக்கா சிரிக்கவில்லை. "விழுந்து கிடக்கிற எங்களை எழும்பிட்டம் எண்டு ஆர் கண்டது? அவ கிணத்தடிக்கு வரவே இல்லையே."

"தேத்தண்ணி குடிச்சவ அன்ரி. தண்ணி நல்லா இருக்கெண்டு அதிலயே எழுதியிருக்கிறா."

கேதீஸ்வரியக்கா குசினிக்குள் போனார். இராசநாயகமும் அவரைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்தார். முப்பத்தைந்து வருசம் கூட வாழ்ந்த மனிதர். "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்லாமல் விடவேண்டிய நேரங்கள் அவருக்குத் தெரியும்.

அன்றைக்குப் பின்னேரம் கேதீஸ்வரியக்கா சிவகரனுக்குப் போன் எடுத்தார். உடைப்பு உங்கள் வீட்டுப் பங்கில்தான் என்று சொன்னார்.

"அக்கா, நான் செய்யமாட்டன் எண்டில்லை. ஆனா அணையெண்டா... வந்து பாக்கிற ஆளுக்கு என்னத்தைக் காட்டுறது? மண்ணில எங்க பேர் எழுதிறது? சந்தியில ஒரு வளைவு கட்டுவமே?"

"வளைவு கடலை மறிக்குமோ தம்பி?"

"யோசிச்சுப் பாருங்கோ அக்கா," என்றார் அவர். அங்கே விடியற்காலை, கடை திறக்கவேண்டும்.

நிதியம் வெறுங்கையோடு விடவில்லை. இரண்டு கிழமையில் ஒரு லொறி வந்து, பெரிய பலகை ஒன்றை இறக்கியது. தடித்த தகரம், துருப்பிடிக்காத பூச்சு, இரண்டு இரும்புக் குழாய்க் கால். "பூவரசம்புலம் - மீண்டெழுந்த முன்மாதிரிக் கிராமம்." கீழே அந்த நாட்டின் கொடி. எல்லாருக்கும் தெரியும் இடத்தில் நட்டு, தை மாதத்துக்குள் படம் எடுத்து அனுப்பவேண்டுமாம். அதை மண்டபச் சுவரில் சாத்தி வைத்தார்கள்.

இராசநாயகம் வந்து விரலால் தட்டிப் பார்த்தார். "இஞ்சேரும், நல்ல கனத்த தகரம். எங்கட குசினிக் கூரையை விடத் திறம்."

கேதீஸ்வரியக்கா பலகையைப் பார்த்தார். பிறகு ஒழுங்கையைப் பார்த்தார். ஒழுங்கை நீளத்துக்குப் பலகைகள் நின்றன. ஆடு வளர்ப்புத் திட்டப் பலகை, ஆடுகள் இல்லை. தையல் பயிற்சி நிலையப் பலகை. மெசின்கள் துருப்பிடித்துவிட்டன, படித்த பெட்டைகள் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள். வீட்டுத்தோட்டம், சூரிய விளக்கு, கைகழுவும் இடம், சுனாமிக்குப் பிறகு வந்த ஏதோவொன்று. தண்ணி வராத குழாய்க்கு மேலே, "சிவகரன் குடும்பத்தின் உபயம்." திட்டங்கள் ஒவ்வொன்றாகப் போயின, பலகை ஒன்றும் அசையவில்லை. இந்த ஊரில் புயலுக்கும் தாக்குப்பிடித்து நின்றவை அவைதான்.

"பாலசிங்கம் அண்ணை," என்றார். "உந்தப் பலகையளைப் பிடுங்கக்கூடாதெண்டு யாப்பில இருக்கோ?"

பாலசிங்கம் அண்ணை யோசித்தார். "ஊரின் பொது நன்மைக்காக இடம் மாத்தலாம். பிடுங்கிறதெண்டு எழுதாமல், இடம் மாத்திறதெண்டு எழுதுவம்."

அணை யாருடையதும் இல்லை என்று மூன்று அலுவலகம் சொல்லியிருந்தபடியால், அடைக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையிருக்கவில்லை. புரட்டாதி வெயிலில், அணையின் உட்பக்கக் குளம் வறண்டு கிடந்த நேரம், தொடங்கினார்கள். மண்கும்பானிலிருந்து லவன் என்ற பெடியன் உழவு மெசினோடு வந்து குளத்துக் களிமண்ணை ஏற்றிப் பறித்தான். பலகைகளை இரண்டு வரிசையாக, குழாய்க் காலை ஆழ இறக்கி, உடைப்புக்குக் குறுக்கே நட்டார்கள். நடுவில் களிமண், இரண்டு பக்கமும் பனங்குற்றி, கோதுமை மாப்பைகளில் அடைத்த மண். வேலை செய்தவர்களின் சராசரி வயதைச் சொன்னால் பொலிஸ் வழக்குப் போடும். இடுப்பில் நாரிப்பிடிப்பு இல்லாதவர் என்று ஒருவர் இருந்தார், அவர் லவன். கேதீஸ்வரியக்கா குனிய ஏலாமல் ஒரு கதிரையில் இருந்து, மாப்பைகளின் வாயைக் கட்டிக் கட்டிக் கொடுத்தார்.

ஒரு பெரிய பிரச்சினையும் வந்தது. எழுத்து எந்தப் பக்கம் பார்க்கவேண்டும்?

"வெளிப்பக்கம்," என்றார் பாலசிங்கம் அண்ணை. "உதவி செய்தவையின்ர பேர் தெரியவேணும் எண்டு எல்லா ஒப்பந்தத்திலயும் இருக்கு."

"ஆருக்கு அண்ணை தெரியவேணும்? கடலுக்கோ?" என்றார் சத்தியபாமா.

"நேவியின்ர படகு போகுமெல்லோ. அவை வாசிக்கட்டும்."

அப்படியே நட்டார்கள். சிவகரன் குடும்பத்தின் பலகையைக் கேதீஸ்வரியக்கா தானே இடம் காட்டி நடச் சொன்னார்: அவர்களுடைய பங்கின் சரி நடுவில். கடைசியில் ஒரு இடுக்கு மிஞ்சியது. முன்மாதிரிக் கிராமம் அதற்கு அளவாக இருந்தது.

ஐப்பசியில் மழை இறங்கியது. கார்த்திகைக் கடைசியில் நாடு முழுக்கப் பிரட்டிப்போட்ட புயல் வந்தபோது, அணைக்குப் போட்ட லைற் வெளிச்சத்தில் எல்லாரும் குடையோடு நின்று பார்த்தார்கள். தகரம் முனகியது. ஆடு வளர்ப்பும் தையலும் சேர்ந்து வளைந்தன. ஒரு மூலையில் ஒழுகியது, மாப்பை போட்டார்கள். விடிய, தண்ணி உள்ளே நின்றது, கடல் வெளியே நின்றது. யாரும் கைதட்டவில்லை. எல்லாருக்கும் குளிர்.

தையில் வருசாந்தப் பொதுக்கூட்டம். கேதீஸ்வரியக்கா காலையிலேயே மகளுக்குப் போன் எடுத்து, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வராமல் விட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். ஆகவே எல்லாருக்கும் முதல் வந்து முன்கதிரையில் இருந்தார். பின்பக்கம் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டியது இராசநாயகம். இந்த முறை தட்டத்தைத் தொடுவதில்லை என்று முடிவு.

பதினொருபேர் வந்திருந்தார்கள். கேதீஸ்வரியக்கா எழும்பி, சுருக்கமாகச் சொன்னார். அணை அடைச்சாச்சு, கால் ஏலாது, வேற ஆளைப் போடுங்கோ.

பாலசிங்கம் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, இண்டைக்குக் கூட்டத்துக்கு வந்த ஆக்கள் காணாது. பாதிப்பேர் இல்லாமல் புது நிர்வாகம் எடுக்கேலாது."

"அப்ப?"

"பழைய நிர்வாகம் தொடரும். யாப்பு."

"எப்ப வரைக்கும்?"

"அடுத்த திருவிழா வரைக்கும்," என்றார் சத்தியபாமா. "தீர்த்தத்துக்கு அடுத்த நாள் கூட்டினாச் சரி. ஆனா அண்டைக்கு வாறவை நாலாம் நாள் பிளேன் ஏறுவினம். அவையில ஆரைத் தலைவராக்கிறது? உன்னைத்தான் திரும்பவும் போடுவினம்."

கேதீஸ்வரியக்கா கதிரையில் இருந்துவிட்டார். வெளியே மோட்டார்சைக்கிள் சத்தம். பிரவீனன், கையில் போனோடு. "அன்ரி, அந்தப் பலகை எங்க நட்டிருக்கிறியள்? படம் அனுப்பவேணும்."

அணைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். கடல் வற்றின நேரம். களிமண்ணுக்கு மேலே, கடற்பாசி படிந்து, ஒரு கொடியின் அரைவாசியும் "மீண்டெழுந்த" வரைக்கும் எழுத்தும் தெரிந்தன. பிரவீனன் போனைச் சரித்துப் பிடித்தான். பிறகு, படத்தை எடுத்தான்.

மண்டபத்துக்குத் திரும்பிவந்து, "இந்த வருசத்து நிலைமையையும் எழுதவேணும் அன்ரி. எப்பிடி இருக்கிறியள்?" என்றான்.

பதினொரு வாயும் ஒரே சொல்லுக்குத் திறந்தன. கேதீஸ்வரியக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வாய்கள் மூடின.

"ஏலாமல் இருக்கிறம் எண்டு எழுதும்."

"அப்பிடி எழுத இடமில்லை அன்ரி. நல்லம், நடுத்தரம், தேவை இருக்கு. மூண்டுதான் இருக்கு."

"மூண்டாவதைப் போடும். தகரம் இன்னும் ரெண்டு மாரி நிண்டாப் பெரிசு. கல்லில கட்டவேணும். அதையும் எழுதும்."

"எழுதுறன். ஆனா போன முறை முதலாவதா வந்த ஊர்..."

"அப்ப முதல்ல இதைக் குடியும்," என்றார். வேண்டாமென்று முடிவெடுத்திருந்த தட்டம் எப்படியோ கைக்கு வந்திருந்தது. பின்பக்கத்திலிருந்து இராசநாயகம் எட்டிப் பார்த்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த நீலப் பீப்பா மூடியபடி கிடந்தது.

பிரவீனன் ஒரு வாய் குடித்தான். முகம் போன போக்கைச் சபை முழுவதும் பார்த்தது. வளர்ப்பு நல்ல வளர்ப்பு, துப்பவில்லை, விழுங்கினான்.

"கிணத்துத் தண்ணியோ அன்ரி?"

"ஓம்."

"கொஞ்சம் உப்புத்தான்."

"போன வருசம் வாயில வைக்கேலாது," என்றார் கேதீஸ்வரியக்கா. "முழுக்கக் குடிச்சிட்டு எழுதும் தம்பி. இன்னொரு கோப்பையும் கிடக்கு."

அவன் குடிக்கும்வரை தட்டத்தோடு நின்றார். பிறகு, வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு இல்லை என்று மகளுக்குச் சொல்ல, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.